பட்டறை அறிவின் வரலாறு: தமிழகத்தில் மோட்டார், கனரக இயந்திரப் பழுதுபார்ப்புத் தொழில்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் மோட்டார் வரலாறு பெரும்பாலும் தொழில்முனைவோர், ஆலைகள், போக்குவரத்துக் கழகங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. வாகனங்களை ஓடும் நிலையில் வைத்திருந்த பழுதுபார்ப்புத் தொழிலாளர் அவ்வரலாற்றில் பெயரளவிலேயே இடம்பெறுகின்றனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 2020 வரையிலான காலத்தில் இத்தொழிலின் அறிவு எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு கைமாறியது, சட்டமும் கல்வி நிறுவனங்களும் அதனை எவ்வாறு மதிப்பிட்டன என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. எரிபொருள், உதிரிபாகம், தொழில்நுட்பத் தகவல் ஆகியவற்றின் பற்றாக்குறைகளே பட்டறை அறிவை வளர்த்தன என்பதும், மின்னணுக் கட்டுப்பாட்டின் வருகை அவ்வறிவின் அடிப்படையையே மாற்றியுள்ளது என்பதும் இதன் கருதுகோள்கள் ஆகும்.

திறவுச்சொற்கள்: மெக்கானிக், கம்மியர், பட்டறை, உதிரிபாகம், தொழில் பழகுதல், கனரக இயந்திரம், தொழிலாளர் சட்டம்

முன்னுரை

தமிழக அரசின் தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புப் பிரிவு 'கம்மியர் மோட்டார் வாகனம்' என்றும், டீசல் எஞ்சின் பிரிவு 'கம்மியர் டீசல்' என்றும் வழங்கப்படுகின்றன. கம்மியர் என்பது பண்டை இலக்கியங்களில் உலோகம், மரம் முதலியவற்றில் தொழில் செய்தோரைக் குறித்த சொல். சேர்க்கை அறிவிப்பிலும் சான்றிதழிலும் காணப்படும் இச்சொல்லைப் பட்டறையில் எவரும் வழங்குவதில்லை. அங்கு வழங்குவது 'மெக்கானிக்' என்பதே.

இவ்விரு சொற்களுக்கு இடையிலான தொலைவு ஆய்வுக்குரியது. கம்மியர் என்னும் சொல் தலைமுறை வழியாக வந்த கைத்தொழிலை நினைவூட்டுகிறது. மோட்டார் பழுதுபார்ப்போ தமிழகத்தில் 20ஆம் நூற்றாண்டில் தோன்றிய தொழில். அதற்குத் தந்தைவழி மரபு இல்லை. தமிழில் எழுதப்பட்ட நூல் மரபும் தொடக்கத்தில் இல்லை. அவ்வாறாயின் அவ்வறிவு எங்கிருந்து வந்தது என்னும் வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடை காண இக்கட்டுரை நிறுவன வரலாறுகள், சட்ட வாசகங்கள், பட்டறைகளில் வழங்கும் தொழிற்சொற்கள் ஆகிய மூவகைச் சான்றுகளைப் பயன்படுத்துகிறது.

1. கோச்சுப் பட்டறையிலிருந்து மோட்டார் பட்டறைக்கு

சென்னையில் 1840இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனம் குதிரை வண்டிகளைக் கட்டும் தொழிலில் பெயர் பெற்றது. அந்நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவியால் இயங்கும் கார் ஒன்றை உருவாக்கினார். இந்நிகழ்ச்சி பொதுவாக 'முதல் கார்' என்னும் பெருமைக்காகவே நினைவுகூரப்படுகிறது. தொழில் வரலாற்று நோக்கில் இதற்கு வேறொரு முக்கியத்துவம் உண்டு. வண்டி கட்டும் பட்டறையில் மரவேலை, இரும்படிப்பு, தோல்வேலை, வண்ணம் பூசுதல் ஆகிய தொழில்கள் ஒரே கூரையின்கீழ் ஏற்கெனவே இணைந்திருந்தன. மோட்டார் வாகனம் வந்தபோது அதனை ஏற்றுக்கொள்ளும் ஆற்றல் இத்தகைய பட்டறைகளுக்கே இருந்தது.

தொடக்ககாலப் பேருந்துகள் அடிச்சட்டமாக மட்டுமே இறக்குமதியாயின. அவற்றின்மேல் மரச்சட்டத்தாலான கூடு உள்ளூரில் கட்டப்பட்டது. ஆகவே தச்சரும் கொல்லரும் மோட்டார் தொழிலுக்குள் முதலில் நுழைந்த வாயில் கூடு கட்டும் பணியே எனலாம். பிற்காலத்தில் கரூர் பேருந்துக் கூடு கட்டுவதிலும், நாமக்கல் லாரி, டேங்கர் கூடு கட்டுவதிலும் சிறப்புற்றமை இவ்வேலைப் பிரிவின் தொடர்ச்சியாகும். எஞ்சின் பழுதுபார்ப்பு இதிலிருந்து வேறுபட்டது. அதற்கு முன்னோடித் தொழில் உள்ளூரில் இல்லை. ஆலைகளிலும் இரயில்வே பட்டறைகளிலும் நீராவி எஞ்சின்களோடு பழகிய பொருத்துநர்கள் இருந்தனர் எனினும், உள்ளெரி எஞ்சினின் தீப்பொறி அமைப்பும் கார்புரேட்டரும் அவர்களுக்கும் புதியவை.

2. பேருந்து உரிமையாளரும் பழுதுபார்ப்பும்

இவ்விடைவெளியை முதலில் நிரப்பியவர்கள் பேருந்து நடத்தியோர். டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு தம் தொழிலைத் தொடங்கி, அடுத்த ஆண்டில் பேருந்து ஓட்டலானார். கோயம்புத்தூர்ப் பகுதியில் ஜி. டி. நாயுடு 1920இல் ஒரு பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே சேவையைத் தொடங்கினார். இருவரும் பின்னர்ப் பெரும் பேருந்துத் தொகுதிகளை நடத்தினர்.

ஒரு பேருந்து நின்றுவிட்டால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். உற்பத்தியாளர் இருந்ததோ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும். எனவே பேருந்து நிறுவனம் ஒவ்வொன்றும் பட்டறை ஒன்றையும் நடத்த வேண்டியதாயிற்று. ஓட்டுநர், நடத்துநர் ஆகியோருடன் பழுதுபார்ப்போரும் நிலையான ஊழியராக அமர்த்தப்பட்டனர். மதுரையும் கோவையும் பிற்காலத்தில் பெற்ற பொறியியல் தொழில் வளர்ச்சியின் பின்னணியில் இப்பேருந்துப் பட்டறைகளின் பங்கினைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஜி. டி. நாயுடுவின் வாழ்க்கை வரலாற்றில் பலராலும் எடுத்துரைக்கப்படும் ஒரு செய்தி இங்குக் குறிப்பிடத்தக்கது. இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்ட அவர், கோவையில் உணவகப் பணியாளராக வேலை செய்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். பின்னர் அதனைக் கழற்றிப் பார்த்தும் மீண்டும் பூட்டியும் எஞ்சினைக் கற்றார். தனிமனித மேதைமைக்கு எடுத்துக்காட்டாகவே இது கூறப்படுகிறது. ஆயினும் நூலும் ஆசிரியரும் இல்லாத நிலையில் பொருளையே நூலாகக் கொள்ளும் இம்முறை அக்காலப் பழுதுபார்ப்போர் பலருக்கும் பொதுவான கல்விமுறையே ஆகும். வேறுபாடு யாதெனில், நாயுடுவுக்குக் கழற்றிப் பார்ப்பதற்குச் சொந்த வண்டி இருந்தது. ஏனையோர் பிறர் வண்டியைக் கழற்றியே கற்க வேண்டியிருந்தது.

அக்காலச் செவர்லே, ஃபோர்டு எஞ்சின்களின் பேரிங்குகள் ஆலையில் வார்த்த ஆயத்தப் பொருள்களாக இருக்கவில்லை. தேய்ந்த பேரிங்கை உருக்கி நீக்கி, வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகக் கலவையை மீண்டும் ஊற்றி, நீல மை தடவித் தண்டை உருட்டிப் பார்த்து, மை ஒட்டிய மேடுகளைக் கைச்சுரண்டியால் சீவிப் பொருத்த வேண்டும். இப்பணியில் வார்ப்புத் தொழிலின் பழைய கைத்திறனும் புதிய இயந்திரத்தின் நுண்ணளவும் ஒன்றுசேர்ந்தன. பட்டறை அறிவைக் கம்மியர் மரபோடு உண்மையாகவே இணைக்கும் கண்ணி இருக்குமாயின் அது இத்தகைய பணிகளிலேயே உள்ளது.

3. போர்க்கால எரிபொருள் பற்றாக்குறை

இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோல் கடுமையாகப் பங்கீடு செய்யப்பட்டது. பேருந்துகளை நிறுத்துவதா, வேறு எரிபொருளால் ஓட்டுவதா என்னும் நெருக்கடி உரிமையாளர்களுக்கு ஏற்பட்டது. மதுரையில் சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்' என்னும் கரிவாயுக் கலத்தைத் தயாரித்து வாகனங்களில் பொருத்தியது.

கரிவாயுக் கலத்தின் செயல்முறை எளியது, பராமரிப்பு கடினமானது. மூடிய உருளையில் மரக்கரியைக் குறைந்த காற்றில் எரிக்கும்போது கார்பன் மோனாக்சைடு மிகுந்த வாயு உண்டாகும். அதனைக் குளிர்வித்து, சாம்பல் நீக்கி, காற்றுடன் கலந்து எஞ்சினுக்குள் செலுத்த வேண்டும். வடிகட்டி சரியாக இல்லாவிடில் சாம்பல் துகள்கள் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டன் வளையங்களைத் தேய்த்துவிடும். பெட்ரோலில் கிடைக்கும் ஆற்றலில் கணிசமான பகுதி குறைந்துவிடுவதால் தீப்பொறி விழும் நேரத்தை முன்தள்ளி வைக்க வேண்டும். கசிவு ஏற்பட்டால் அந்த வாயு உயிருக்கே ஆபத்து.

இவற்றை நாள்தோறும் கவனித்தவர்கள் பட்டறைத் தொழிலாளரும் கிளீனர்களும் ஆவர். விடியலுக்கு முன் அடுப்பு மூட்டி, ஊதுவிசிறியைச் சுழற்றி, வாயு வரும்வரை காத்திருந்து எஞ்சினைக் கிளப்புவது அன்றாடப் பணியாயிற்று. வெளிநாட்டு உற்பத்தியாளர் வகுத்த அளவுகளை மாற்றியமைத்து, எஞ்சினைப் பிறிதொரு எரிபொருளுக்குப் பழக்கிய இவ்வனுபவம் பழுதுபார்ப்புத் தொழிலில் ஒரு திருப்பம் எனலாம். அதுவரை பழைய நிலைக்கு மீட்பதே பழுதுபார்ப்பின் இலக்கு. போர்க்காலத்திற்குப் பின், இருப்பதைக் கொண்டு வேறொன்றாக மாற்றுதலும் அதன் இயல்பாயிற்று.

4. இறக்குமதிக் கட்டுப்பாடும் உதிரிபாகங்களும்

விடுதலைக்குப் பின் இந்திய அரசு மோட்டார் தொழிலில் உள்நாட்டு உற்பத்தியை வலியுறுத்தியது. சென்னையில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. பின்னர் லேலண்ட் நிறுவனத்தின் பங்கேற்புடன் 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. டாட்டா நிறுவனம் 1954இல் ஜாம்ஷெட்பூரில் மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கத் தொடங்கியது. 1953ஆம் ஆண்டின் கட்டணக் குழு அறிக்கையைத் தொடர்ந்து, உற்பத்தித் திட்டம் இல்லாமல் வாகனங்களைப் பூட்டி மட்டும் விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு ஆகிய நிறுவனங்கள் இந்தியாவிலிருந்து விலகின.

இம்முடிவின் விளைவுகள் ஆலைகளின் கோணத்திலிருந்தே பெரிதும் விவாதிக்கப்பட்டுள்ளன. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த வாகனங்களுக்கு நேர்ந்தது வேறு. செவர்லே, ஃபோர்டு வண்டிகளை விற்ற நிறுவனம் விலகிவிட்டது. வண்டி மட்டும் ஓடியாக வேண்டும். போரின்பின் ஏலம் விடப்பட்ட இராணுவ வாகனங்களின் நிலையும் இதுவே. புதிய வாகனத்திற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டிய சூழலில், உரிமையாளர் பழைய வண்டியையே தொடர்ந்து ஓட்டினார்.

இத்தேவை மூன்று வழிகளில் நிறைவு செய்யப்பட்டது. முதலாவது, உள்நாட்டு உதிரிபாக ஆலைகள். 1949இல் இந்தியா பிஸ்டன்ஸ், 1960களின் தொடக்கத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ். எனச் சென்னைப் பகுதியில் ஆலைகள் எழுந்தன. இரண்டாவது, லேத்துப் பட்டறைகள். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலப்படுத்தி, ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் 20, 40, 60 பங்கு எனப் பெரிதான பிஸ்டன்களைப் பொருத்தும் முறை எஞ்சினின் ஆயுளைப் பல மடங்கு நீட்டித்தது. மூன்றாவது, பழைய பொருள் சந்தை. சென்னைப் புதுப்பேட்டை இவ்வகையில் தமிழகம் முழுவதும் அறியப்பட்டது. அங்குக் கழிக்கப்பட்ட வாகனம் அழிவதில்லை. பாகம் பாகமாகப் பிரிந்து வேறு வாகனங்களில் மீண்டும் ஓடுகிறது. எந்த வண்டியின் எந்தப் பாகம் வேறெந்த வண்டிக்குப் பொருந்தும் என்னும் அறிவே இச்சந்தையின் மூலதனம். எந்த உற்பத்தியாளரின் கையேட்டிலும் இடம்பெறாத அவ்வறிவு வணிகர், மெக்கானிக் ஆகியோரின் நினைவில் மட்டுமே தொகுக்கப்பட்டிருந்தது.

பெட்ரோல் லாரிகளில் பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சின்களைப் பொருத்தும் பணியும் இக்காலத்தில் பரவியது. எஞ்சினைத் தாங்கும் பிடிமானங்களை மாற்றுதல், கியர்பெட்டியோடு இணைத்தல், ரேடியேட்டரை இடம்பெயர்த்தல் முதலியன பொறியியல் வடிவமைப்புப் பணிகளே. பட்டறைகள் வரைபடமின்றி, அளந்தும் ஒப்பிட்டும் அவற்றைச் செய்தன. போர்க்காலத்தில் பெற்ற மாற்றியமைக்கும் ஆற்றல் இக்காலத்தில் வழக்கமான தொழிலாக வளர்ந்தது.

5. தொழில் பழகுதலும் சான்றிதழும்

பட்டறையில் சேரும் சிறுவன் முதலில் பாகங்களை மண்ணெண்ணெயிலோ டீசலிலோ கழுவுவான். கேட்கும் அளவுள்ள ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பான். இவ்விரு பணிகளாலேயே பாகங்களின் பெயரும் வடிவமும், மரைகளின் அளவும் அவனுக்குப் பழகிவிடும். அடுத்த நிலையில் சக்கரம் கழற்றுதல், கிரீஸ் அடித்தல், ஆயில் மாற்றுதல். அதன்பின் கழற்றும் வேலை. நெடுநாள் கழித்தே பூட்டும் வேலை. வால்வு இடைவெளி வைத்தல், எரிபொருள் பம்பின் நேரம் வைத்தல் போன்ற நுண்பணிகள் தலைமை மெக்கானிக்கின் கையிலேயே இருக்கும்.

இவ்வரிசை தற்செயலானதன்று. தவறு நேர்ந்தால் ஏற்படும் இழப்பின் அளவுக்கேற்பவே பணிகள் ஒப்படைக்கப்பட்டன. புலன்வழி அறிதலும் இதன் பகுதியாகும். புகை கருமையாக இருப்பின் காற்றுக் குறைவு அல்லது எரிபொருள் மிகுதி. நீலமாக இருப்பின் ஆயில் எரிகிறது. வெண்மையாக இருப்பின் எரியாத எரிபொருளோ நீரோ கலந்துள்ளது. திருப்புளியின் முனையை எஞ்சின்மேல் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்து, ஓசை எந்தப் பேரிங்கிலிருந்து வருகிறது என்று அறிவர். இவற்றைச் சொல்லால் விளக்குவதினும் பலமுறை கேட்கவும் காணவும் செய்தே கற்பிக்க இயலும்.

இக்கல்விமுறையின் மறுபக்கத்தை மறைத்தல் கூடாது. சிறுவர்கள் பள்ளியை விட்டு வந்தனர். தொடக்க ஆண்டுகளில் சாப்பாடும் தேநீரும் சிறு பேட்டாவுமே ஊதியமாக இருந்தன. அடியும் வசையும் கற்பித்தலின் பகுதியாகக் கருதப்பட்டன. உறவினர், ஊர்க்காரர் வழியாகவே நுழைவு அமைந்தது. பெண்கள் ஏறக்குறைய முற்றிலும் விலக்கப்பட்டிருந்தனர். குழந்தைத் தொழிலாளர் சட்டம் மோட்டார் பட்டறைகளைத் தடைசெய்யப்பட்ட பணியிடங்களில் சேர்த்தபின் இந்நுழைவாயில் சட்டப்படி மூடப்பட்டது. அது நியாயமான முடிவே. எனினும் அவ்வாயிலின் வழியே கைமாறிய நுண்ணறிவை வேறெவ்வாறு காப்பது என்னும் வினா அப்போது எழுப்பப்படவில்லை.

நிறுவனக் கல்வி இதற்கு இணையாக வளர்ந்தது. 1945இல் ஜி. டி. நாயுடுவின் முயற்சியால் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. கல்லூரியின் முதல்வராகவும் இருந்த நாயுடு, நான்காண்டுப் படிப்பு காலவிரயம், இரண்டாண்டே போதும் என்னும் கருத்துடையவர். அரசு இதனை ஏற்காமையால் பதவி விலகினார். அக்கல்லூரியே இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி. இக்கருத்து வேறுபாடு படிப்புக் காலத்தைப் பற்றியதாகத் தோன்றினும், பட்டறையில் பெறும் அறிவுக்குக் கல்வியில் எவ்வளவு இடம் என்பதே அதன் உட்பொருள் எனலாம்.

1950இல் தொடங்கப்பட்ட கைவினைஞர் பயிற்சித் திட்டமும் 1961இன் தொழில் பழகுநர் சட்டமும் பழுதுபார்ப்பைச் சான்றிதழுக்குரிய தொழிலாக்கின. 1972இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் முதலிய அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் உருவானபின், சான்றிதழ் பெற்றோருக்குப் பணிமனைகளில் நிலையான வேலை கிடைத்தது. ஒரே எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் இருவரில், ஒருவர் ஓய்வூதியத்துக்குரிய ஊழியராகவும் மற்றொருவர் சாலையோரக் கொட்டகையில் நாள்வருவாயினராகவும் பிரிந்தனர். இவ்வேறுபாட்டை உருவாக்கியதில் திறமையைவிடச் சான்றிதழின் பங்கு பெரிது.

6. கனரக இயந்திரங்கள்: நெய்வேலியும் திருச்செங்கோடும்

கனரக இயந்திரப் பராமரிப்பில் தமிழகம் இரு மாறுபட்ட மாதிரிகளை வழங்குகிறது. ஒன்று பொதுத்துறைப் பெருநிறுவனம். மற்றொன்று சிறு உரிமையாளர்களின் ஊர்.

நெய்வேலி நிறுவனம் 1956இல் பதிவு செய்யப்பட்டது. சுரங்கப் பணி 1957இல் தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. மேல்மண்ணை அகழ மேற்கு ஜெர்மனியிலிருந்து வாளிச்சக்கர அகழ்பொறிகள் தருவிக்கப்பட்டன. ஜெர்மனியின் மென்மையான மண்ணில் வளர்ந்த இத்தொழில்நுட்பம் நெய்வேலியில் கடினமும் உராய்வும் மிக்க கடலூர் மணற்கல்லை எதிர்கொண்டது. வாளியின் பற்கள் விரைவில் தேய்ந்தன. பாறையை முன்னதாக வெடிவைத்துத் தளர்த்துவதும், பற்களின்மேல் கடின உலோகத்தைப் பற்றவைத்து மேற்பூச்சிடுவதும் இன்றியமையாத பணிகளாயின. இயந்திரத்தை வடிவமைத்த நாட்டில் இந்த அளவில் எழாத சிக்கலுக்குப் பராமரிப்புப் பிரிவே விடை காண வேண்டியிருந்தது. பேருந்துப் பட்டறையில் கண்ட அதே நிலைமை இங்குப் பேரளவில் மீண்டும் தோன்றியது.

திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்றது. லாரியின்மேல் துளையிடும் கோபுரமும், உடன்செல்லும் மற்றொரு லாரியில் காற்றழுத்தியும் குழாய்களும் அமைய, இவ்வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. அழுத்தக்காற்றால் இயங்கும் சுத்தியல் துளையின் அடியிலேயே பாறையை உடைக்கிறது. லாரி எஞ்சின், காற்றழுத்தி, நீரழுத்த அமைப்பு, துளைக்கருவி ஆகிய நான்கையும் அறிந்தவரே இங்கு மெக்கானிக் ஆக முடியும். வண்டி நிற்கும் இடம் பெரும்பாலும் நகரத்திலிருந்து தொலைவிலுள்ள வயல். ஆகவே பழுதைக் களத்திலேயே நீக்கியாக வேண்டும். இத்தொழிலில் பட்டறை என்பது ஓரிடம் என்னும் நிலையிலிருந்து, பயணம் செய்யும் குழு என்னும் நிலைக்கு மாறியது.

7. தொழிற்சொற்கள் காட்டும் வரலாறு

எழுத்துச் சான்றுகள் குறைந்த தொழிலுக்குச் சொற்களே ஆவணமாகின்றன. மேஸ்திரி, சாவி ஆகியவை போர்ச்சுகீசிய மூலமுடையவை. மோட்டாருக்கு முன்பே தமிழுக்கு வந்தவை. வில் எனப் பொருள்படும் பாரசீகச் சொல்லோடு தமிழ்ப் 'பட்டை' இணைந்து, அடுக்கு வில்சுருளைக் குறிக்கும் 'கமான் பட்டை' ஆயிற்று. திருப்புளி, குறடு, அரம், சுத்தியல், மரை ஆகிய தமிழ்ச்சொற்கள் கருவி, அடிப்படைப் பாகம் என்னும் நிலையில் நிலைத்தன. கிளட்ச், கார்புரேட்டர், சைலன்சர் எனப் புதிய பாகங்கள் ஆங்கிலப் பெயருடனேயே வந்தன. எஞ்சினை முழுமையாகப் பிரித்துச் செப்பனிடுவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பட்டறையில் 'ஓவராயில்' என ஒலிக்கிறது. ஆயில் என்னும் அறிந்த சொல்லோடு அது இயைந்துவிட்டது. பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் பெயரான 'பொக்லைன்' அகழ்பொறிக்கே பொதுப்பெயராகி நாளிதழ்களிலும் இடம்பெற்றது. 'மரை கழண்டவன்' என்னும் வசை பட்டறைக்கு வெளியிலும் வழங்குகிறது.

இச்சொற்களின் அடுக்குகள் தொழிலின் அடுக்குகளோடு பொருந்துகின்றன. கைக்கருவியில் பழைய கம்மியர் உலகமும், பாகங்களில் இறக்குமதி உலகமும், கனரக இயந்திரங்களில் நிறுவனப் பெயர்களின் உலகமும் தெரிகின்றன.

8. சட்டத்தின் பார்வையில் பழுதுபார்ப்பவர்

1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் போக்குவரத்து வாகனங்களுக்குத் தகுதிச் சான்றினைக் கட்டாயமாக்கியது. 'எஃப்.சி.' என வழங்கும் இச்சான்று பட்டறைகளின் பணி நாட்காட்டியையே தீர்மானிக்கிறது. எனினும் வாகனத்தைத் தகுதியாக்கிய மெக்கானிக்கின் பெயர் அச்சான்றில் இல்லை. சட்டம் உரிமையாளரையும் ஆய்வாளரையும் மட்டுமே அறியும்.

தொழிலாளர் சட்டங்களிலும் இந்நிலையே தொடர்ந்தது. 1948இன் தொழிற்சாலைச் சட்டம் பழுதுபார்த்தலையும் உற்பத்திச் செயல்முறையாக ஏற்றது. ஆயினும் மின்விசையுடன் இயங்கும் இடத்தில் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்தாலே அது அச்சட்டத்தின்கீழ் தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. நான்கைந்து பேர் வேலை செய்யும் கொட்டகை அவ்வரையறைக்கு வெளியே நின்றது. 1961இன் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஓட்டுநர், நடத்துநர், கிளீனர், நேரக்காப்பாளர் எனப் பலரைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. அப்பட்டியலில் மெக்கானிக் இடம்பெறவில்லை. தொழிற்சாலைச் சட்டமோ கடைகள், நிறுவனங்கள் சட்டமோ பொருந்துவோரைப் பெரும்பாலும் விலக்கியும் வைத்தது. எனவே சிறு பட்டறைத் தொழிலாளி 1947இன் சென்னைக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் கடைப் பணியாளராகவே கருதப்பட வேண்டியவரானார். அமைப்புசாரா ஓட்டுநர்களுடன் மோட்டார் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளரையும் பெயரிலேயே சேர்த்து நல வாரியம் அமைந்தபோதுதான் இத்தொழில் தனி அடையாளத்துடன் அரசு ஆவணத்தில் இடம்பெற்றது.

9. மின்னணுக் கட்டுப்பாடும் புதிய பற்றாக்குறையும்

பாரத் நிலை 4 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2017 ஏப்ரலிலும், நிலை 6 விதிகள் 2020 ஏப்ரலிலும் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தன. இவற்றை நிறைவு செய்ய டீசல் எஞ்சின்களில் எரிபொருள் செலுத்துதல் மின்னணுக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. பழைய பம்பைக் கழற்றி, சோதனை மேடையில் வைத்து அளவு பார்க்கலாம். புதிய அமைப்பில் பழுது ஒரு குறியீடாகத் தோன்றுகிறது. அதனைப் படிக்க ஸ்கேனர் கருவியும், சில பாகங்களை மாற்றியபின் பதிவு செய்ய உற்பத்தியாளரின் மென்பொருள் அனுமதியும் தேவை. காதும் கண்ணும் பயனற்றுப் போகவில்லை. ஆனால் அவை மட்டும் போதா.

தூய்மையான காற்றுக்காக இம்மாற்றம் தேவை என்பதில் ஐயமில்லை. தகவலை யார் கையில் வைத்திருப்பது என்பதே சிக்கல். இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பழுது அறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீடுகளுக்குச் சென்றது. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. மோட்டார் வாகனங்களும் வேளாண் கருவிகளும் அதில் அடங்கும். இவ்விவாதங்கள் பெரும்பாலும் நுகர்வோர் உரிமையின் மொழியிலேயே நடைபெறுகின்றன. தமிழகத்தின் சாலையோரப் பட்டறைக்கு இது வாழ்வாதார உரிமையுமாகும். முன்னைய பற்றாக்குறைகளில் பொருள் இல்லை. அறிவால் அதனை ஈடுசெய்தனர். இன்றைய பற்றாக்குறை அறிவையே அனுமதிக்கு உட்படுத்துகிறது.

முடிவுரை

இவ்வாய்வின்வழி பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு:

• மோட்டார் பழுதுபார்ப்பு தமிழகத்தில் மரபுவழித் தொழிலாகவோ கல்வி நிறுவனம் வழங்கிய தொழிலாகவோ தொடங்கவில்லை. வண்டி கட்டும் பட்டறை, பேருந்து நிறுவனம் ஆகியவற்றின் தேவையிலிருந்து அது உருவாயிற்று.

• போர்க்கால எரிபொருள் நெருக்கடியும் 1953க்குப் பிந்தைய உதிரிபாகத் தட்டுப்பாடும் பழுதுபார்ப்பை மாற்றியமைக்கும் தொழிலாக விரிவாக்கின. நெய்வேலியின் அனுபவம் கனரக இயந்திரங்களிலும் இதே போக்கைக் காட்டுகிறது.

• சான்றிதழ் முறை தொழிலுக்கு மதிப்பையும் சிலருக்குப் பாதுகாப்பையும் தந்தது. அதே வேளையில் ஒரே திறனுடையோரை இரு வகுப்பினராகப் பிரித்தது. சட்ட வரையறைகள் இப்பிரிவை உறுதிப்படுத்தின.

• மின்னணுக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தகவலுக்கான அணுகல் உறுதி செய்யப்படாவிடில், ஒரு நூற்றாண்டுக் காலம் சேர்ந்த பட்டறை அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்லும் வழி அடைபடும்.

இத்துறையில் மேலும் ஆய்வு செய்வோர் போக்குவரத்துக் கழகப் பணிமனைப் பதிவேடுகள், தொழிற்பயிற்சிப் பாடத்திட்டங்கள், நல வாரியப் பதிவுகள், பட்டறைப் பெயர்ப்பலகைகள் ஆகியவற்றைத் திரட்டுதல் வேண்டும். வெள்ளை உலோகம் ஊற்றிப் பேரிங் சீவியவர்களும், பெட்ரோல் லாரிகளை டீசலுக்கு மாற்றியவர்களும் முதுமை எய்திவிட்டனர். அவர்களது வாய்மொழிப் பதிவுகளே இவ்வரலாற்றின் முதன்மைச் சான்றுகள் என்பதால், அவற்றைத் தொகுக்கும் பணி உடனடியாகத் தொடங்கப்பட வேண்டும்.